வாசகர் கேள்வி: தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் நொதி

கேள்வி: செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ‘சார்க்’ நொதி, வேலையில்லாத நேரத்தில் எப்படி அடங்கியிருக்கிறது? எங்கள் ஊர் மடையைப் போல அதற்கும் ஒரு பலகை உண்டா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கன்னடியன் கால்வாய் மடையில் பலகை நீரை நேரே மறித்து நிற்கும், சார்க்கைப் பூட்டும் பகுதிகள் அதன் வினைமையத்தை (வேதிவினை நடக்கும் இடத்தை) அப்படி நேரே அடைப்பதில்லை என்பதுதான் வியப்பு. பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் இந்தக் கைனேஸ் நொதியில், வினைபுரியும் பகுதியோடு எஸ்ஹெச்3, எஸ்ஹெச்2 என்ற இரு பிணைப்புக் களங்களும் உள்ளன. அதன் வாலிலுள்ள டைரோசின் என்ற ஓர் அமினோ அமிலத்தில் சிஎஸ்கே என்ற வேறொரு நொதி பாஸ்பேட்டை ஏற்றியதும், எஸ்ஹெச்2 அந்த வாலைப் பற்றிக்கொள்கிறது; எஸ்ஹெச்3, எஸ்ஹெச்2-வையும் வினைப்பகுதியையும் இணைக்கும் இழையைப் பிடித்துக்கொள்கிறது; இரண்டும் பின்புறமிருந்து இறுக்குவதால் முன்புறத்து வினைமையம் வடிவம் பிசகி, நொதி ஓய்கிறது. 1997இல் வெளியான படிக அமைப்புகள் (நொதியைப் படிகமாக்கிக் கண்ட முப்பரிமாண வடிவங்கள்) இதைத் தெளிவாகக் காட்டின.

வாலின் மீதான பிடி சற்றே தளர்வானது. அந்தத் தளர்ச்சியே இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன். ஏனெனில், செல்சவ்வில் வெளிச் சமிக்ஞையை வாங்கும் புரதமான ஏற்பியில் பாஸ்பேட் ஏறிய டைரோசின் போன்ற வலுவான துணை கிடைத்தவுடன், எஸ்ஹெச்2 வாலை விட்டு அதைப் பற்ற, பூட்டு திறந்துவிடுகிறது. பெய்ட்டன் ரவுஸ் 1911இல் விவரித்த கோழிப் புற்று வைரஸ் சுமக்கும் சார்க் வடிவத்தில் அந்த வால் டைரோசினே இல்லை. ஆகவே அது ஓய்வதேயில்லை.