மூன்றாவது மாடியில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கலாமா?

வணக்கம். மூன்றாவது மாடி வீடு, இருவருக்கும் காலை 9 முதல் மாலை 7 வரை வேலை, சிப்பிப்பாறைக் குட்டி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீடு சிறியது என்பது எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. அந்தப் பத்து மணி நேரத் தனிமைதான் உதைக்கிறது. இரண்டு மாதக் குட்டியால் அவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கவும் முடியாது.

கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே வளர்த்த இனம் அது. நன்றாக ஓடிவிட்டு வந்தால் வீட்டில் பூனை மாதிரிச் சுருண்டு கிடக்கும். ஓட விடாவிட்டால்? மழையென்று நான்கு நாள் வெளியே கூட்டிப் போகாததற்கு, எங்கள் வீட்டு நாய் (கன்னி என்ற இனம், அதுவும் இதே மாதிரி வேட்டை நாய்தான்) சோபாப் பஞ்சைக் கூடமெங்கும் பரப்பி வைத்தது. கயிற்றைப் பிடித்துத் தெருவைச் சுற்றினால் போதாது, சுற்றுச்சுவர் உள்ள மைதானம் வேண்டும். அணில் ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது.

ஒன்று செய்யுங்கள். இரண்டு வாரம் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, நாய் இல்லாமலே ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். அது முடிந்து, பகலில் வந்து பார்க்க ஆளும் கிடைத்தால் எடுங்கள். இல்லையென்றால் ஐந்தாறு வயதான சாதுவான நாட்டு நாயைத் தத்தெடுக்கலாம். அப்புறம், பால்கனிக்கு வலை போட்டாயிற்றா?