கேளுங்கள்: டோக்கியோ ஸ்டேஷனில் வண்டி மாறுவது

கே: விமான நிலைய ரயிலான நரிதா எக்ஸ்பிரஸில் டோக்கியோ ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) ஏற வேண்டும். நடுவில் 15 நிமிடம் போதுமா?
– வாசகி, மாட்டுங்கா

ப: போதாது. அரை மணி வையுங்கள். நரிதா எக்ஸ்பிரஸ் நிற்பது மருனோஉச்சி பக்கம், தரைக்கு ஐந்து தளம் கீழே. ஷிங்கான்சென் கிளம்புவதோ எதிர்ப்புறமான யாயெசுவில், தரைக்கு மேலே. நம்ம மும்பை தாதர் ஸ்டேஷன் பாலம் மாதிரி நினைத்துக்கொண்டு பெட்டியை இழுத்தால் வண்டி போய்விடும்.

ஷிங்கான்சென் கேட்டிலும் கவனம் தேவை. கியோட்டோ வண்டிகள் 14 முதல் 19 வரையுள்ள பிளாட்பாரங்களில்; ‘டோகாய்டோ–சன்யோ’ என்ற பலகையைத் தேடுங்கள். 20 முதல் 23 வரை வேறு கம்பெனி, செண்டாய், கனசாவா வண்டிகள். அந்தக் கேட்டில் உங்கள் டிக்கெட்டைப் போட்டால் தடுப்பு மூடிக்கொள்ளும்.

டிக்கெட் பெரும்பாலும் இரண்டு துண்டு: ஒன்று தூரக் கட்டணம், மற்றது எக்ஸ்பிரஸ் கட்டணமும் சீட் முன்பதிவும். மாறும் கேட்டில் நரிதா எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையும் சேர்த்து ஒரே அடுக்காகப் போடுங்கள். ஷிங்கான்சென் துண்டு இரண்டும் மறுமுனையில் வெளிவரும். அவசரத்தில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு ஓடாதீர்கள். கியோட்டோவில் வெளியேற இரண்டும் வேண்டும்.

கே: ஷின்ஜுகுவில் தங்குகிறோம். டோக்கியோ ஸ்டேஷன் வரை தனி டிக்கெட் எடுக்கணுமா?
– வாசகர், செம்பூர்

ப: கியோட்டோவுக்குக் காகித டிக்கெட் வைத்திருந்தால் வேண்டாம். அதில் புறப்படும் இடம் ஸ்டேஷன் பெயராக இல்லாமல் டோக்கியோவின் 23 வார்டு என்று இருக்கும். அந்த எல்லைக்குள் எந்த ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஸ்டேஷனிலும் அதே டிக்கெட்டில் ஏறலாம். ஷின்ஜுகுவில் பழக்கதோஷத்தில் சூய்கா கார்டை (முன்பணம் போட்ட பயண அட்டை) தட்டினால் அந்தக் காசு வீண். மெட்ரோவுக்கு இந்தச் சலுகை கிடையாது. போனில் முன்பதிவு செய்து கார்டைத் தட்டி ஏறுகிறவர்களுக்கும் கிடையாது.

கே: பெரிய சூட்கேஸுக்குத் தனிப் பணமா? ஃபூஜி மலை எந்தப் பக்கம் தெரியும்? வண்டியை விட்டுவிட்டால்?
– வாசகி, முலுண்ட்

ப: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டுங்கள், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. 76+52+30 என்றால் 158 செ.மீ., கவலையில்லை. 160-ஐத் தாண்டினால் பெட்டி வைக்க இடமுள்ள சீட்டாக முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் பணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென். 250-க்கு மேல் ஏற்றவே விடமாட்டார்கள்.

ஃபூஜிக்கு வலப்பக்க ஜன்னல், ‘ஈ’ (E) சீட். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் வரும். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது.

வண்டியை விட்டால் டிக்கெட் செத்துப்போகாது. அன்றைக்கே அடுத்த வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறலாம். மிக வேகமான ஷிங்கான்சென் வகையான நொசோமியில் அது 1, 2 எண் பெட்டிகள். புத்தாண்டு, மே முதல் வார விடுமுறை, ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஒபோன் பண்டிகை நாட்களில் நொசோமியில் எல்லாமே முன்பதிவுதான். அப்போது அதற்கு அடுத்த வேக வகையான ஹிகாரியைப் பிடியுங்கள். மூன்றாவது வகையான கோதாமா எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், நம்ம ஸ்லோ லோக்கல் மாதிரி.