விளக்கு எரிகிறது, போர்ட் வரவில்லை

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகளின் அறிவியல் கண்காட்சிக்காக இணையத்தில் அர்டுயினோ நானோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் போர்டு ஒன்றை வாங்கினேன். பழைய போன் கேபிளில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் கணினியில் காம் போர்ட் (போர்டோடு பேசும் இணைப்பு வழி) வரவே இல்லை. "போர்டு நல்லாத்தான் இருக்கு, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்றவர். டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டாரா?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: சண்டைக்குப் போகும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிவதற்கு மின்சாரம் வந்தால் போதும். மலிவான சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் போகும் மற்ற இரண்டும் இருக்காது. அதே கேபிளில் ஒரு போனைக் கணினியோடு இணைத்துப் படங்களை நகலெடுக்க முடிகிறதா என்று பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல போர்டைப் பாழ் என்று நினைத்து இன்னொன்று வாங்குகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் காசை விடுகிறார்கள்.

கேபிள் சரி என்றால் போர்டைத் திருப்பி, அடியில் உள்ள, யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் சிப்பின் எழுத்தைப் படியுங்கள். பழைய அசல் நானோவில் எஃப்டி232ஆர்எல் இருக்கும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் சிஎச்340. அப்படியானால், சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதற்கான டிரைவரை (கணினி அந்தச் சிப்பை அடையாளம் காண உதவும் மென்பொருள்) இறக்கி நிறுவினால் போர்ட் வந்துவிடும். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருந்தால் டிரைவர் தேவையில்லை. ஆனால் அதில் பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் இந்தச் சிப்பைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். வீட்டில் யாரும் பிரெய்ல் கருவி பயன்படுத்தாவிட்டால் அதை நீக்கிவிடலாம்.

போர்ட் வந்த பிறகும் நிரலை ஏற்றும்போது "நாட் இன் சிங்க்" என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 2018 ஜனவரி முதல் அசல் நானோ புதிய பூட்லோடரோடு (நிரலை வாங்கி ஏற்றும் சிறு நிரல்) வருகிறது, அதன் வேகம் நொடிக்கு 115200 பிட். நகல்கள் பல இன்னும் பழையதையே தாங்கி 57600-இல் பேசுகின்றன. நிரல் எழுதும் அர்டுயினோ செயலியின் டூல்ஸ் மெனுவில் பிராசசர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி உங்கள் உரிமை. அர்டுயினோவின் வடிவமைப்பு திறந்த ஒன்று, அதைப் பார்த்துப் போர்டு செய்து விற்பது குற்றமல்ல. அனுமதியில்லாமல் அவர்களுடைய பெயரையும் முத்திரையையும் போடுவதுதான் தவறு. ஆகவே விளம்பரத்தைத் திரும்பப் படியுங்கள். 'ஒரிஜினல்' என்று சொல்லிவிட்டு நகலை அனுப்பியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அதைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது. விளம்பரப் பக்கத்தையும் சிப்பையும் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலை அர்டுயினோ ஊனோ போர்டில் இணைத்தேன். போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் கேள்விக்குறியும் கட்டங்களுமாக வருகிறது. மாட்யூல் போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்.
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வாங்காதீர்கள் தம்பி. குப்பையாகவாவது ஏதோ வருகிறது என்றால் கம்பியும் மாட்யூலும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன, வேகம்தான் பொருந்தவில்லை. இங்கே வேகம் இரண்டு இடத்தில் இருக்கிறது: மாட்யூலுக்கும் போர்டுக்கும் இடையில் ஒன்று, போர்டுக்கும் கணினிக்கும் இடையில் இன்னொன்று. இந்த மாட்யூல் வழக்கமாக 9600-இல் பேசும். மாட்யூலோடு பேச நிரலில் சேர்க்கும் சாஃப்ட்வேர்சீரியல் நூலகத்துக்கு அதைக் கொடுங்கள். கணினிப் பக்க வேகத்துக்கு, நிரலில் சீரியல்.பிகின் வரியில் எழுதிய எண்ணும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

அதன்பின் ஜிபிஜிஜிஏ என்று தொடங்கும் இருப்பிடத் தகவல் வரிகள் வரும். அறைக்குள் உட்கார்ந்து பார்த்தால் எண்கள் இல்லாமல் வெறும் காற்புள்ளிகளாக இருக்கலாம். அது பழுதல்ல, செயற்கைக்கோள் இன்னும் கிடைக்கவில்லை. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பொறுத்திருங்கள்.

வரிகள் பாதியில் அறுந்து வந்தால் நிரலைக் காத்திருக்க வைக்கும் டிலே கட்டளை இருக்கிறதா என்று தேடுங்கள். 9600 வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் வரும், சாஃப்ட்வேர்சீரியல் சேர்த்து வைப்பதோ 64 தான். நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் நீங்கள் படிக்காமல் இருந்தாலே நிரம்பி வழிந்துவிடும். டிலே(1000) எழுதி முழு நொடி காத்திருந்தால் என்ன மிஞ்சும்? மாறாக, ஒன்றுமே வராவிட்டால் மாட்யூலின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்), சாஃப்ட்வேர்சீரியலில் ஆர்எக்ஸ் (வாங்கும் பின்) என்று நீங்கள் கொடுத்த போர்டின் பின்னுக்குப் போகிறதா, கிரவுண்ட் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். 0, 1 பின்களில் இணைக்கவே வேண்டாம், அவை யுஎஸ்பி பயன்படுத்தும் பின்கள். நிரல் ஏற்றுவதே தடைப்படும்.

கேள்வி: ஈஎஸ்பி8266 வைஃபை சிப்பைக் கணினியோடு இணைக்க யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகி, சென்னை

பதில்: ஈஎஸ்பி 3.3 வோல்ட் சிப். ஆகவே 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று மாற்றிக்கொள்ள ஜம்பரோ (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) சுவிட்சோ உள்ளதை வாங்குங்கள். ஒன்பது பின் உள்ள பழைய ஆர்எஸ்232 கேபிள் வேண்டாம், அதன் மின்னழுத்தம் சிப்பைக் கருக்கிவிடும். அடாப்டரில் உள்ள சிப்பின் மேல் எஃப்டிடிஐ (எஃப்டி232ஆர்எல் செய்யும் நிறுவனம்) என்று அச்சிட்டிருப்பதற்காக மட்டும் அதிக விலை தராதீர்கள், போலிகள் நிறைய. 2014-இல் அந்த நிறுவனமே வெளியிட்ட டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றைச் செயலிழக்க வைத்தது. தெரியாமல் வாங்கியவர்களும் அதில் மாட்டினார்கள்.

மடிக்கணினி கொண்டுபோனால் கடையிலேயே சோதித்துவிடலாம். அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு கம்பியால் இணைத்து, மானிட்டரில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வரவேண்டும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கம்பியைக் கழற்றி, ஜம்பரை 3.3-இல் வைத்து, மல்டிமீட்டரில் டிஎக்ஸ் பின்னை அளந்து பாருங்கள். சிலவற்றில் ஜம்பர் மின்சாரம் தரும் விசிசி பின்னை மட்டுமே மாற்றும், டிஎக்ஸில் 5 வோல்ட் அப்படியே நிற்கும். அப்படிப்பட்டதை ஈஎஸ்பியில் நேராக இணைக்காதீர்கள். பில் வாங்கியிருந்தால், பழுதான பொருளை அதில் குறித்த காலத்துக்குள் திருப்பித் தரலாம். காலம் குறிக்காவிட்டால் 30 நாள்.