கார்டு உங்களுடையது, சரக்கு மச்சினனுடையது

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். 2021-ல் தொழில் முடங்கியபோது, தனிநபர் கடன் பாக்கி 92,000 ரூபாயை வங்கியிடம் பேசி 60,000 ரூபாய்க்கு 'செட்டில்' செய்தேன். இப்போது சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 618 என்று சொல்லி வீட்டுக்கடன் தர மறுக்கிறார்கள். ஸ்கோரை ஏற்றுவதற்காக 40,000 ரூபாய் எஃப்.டி.யின் (நிரந்தர வைப்பு) பேரில் 36,000 ரூபாய் வரம்புள்ள கிரெடிட் கார்டு வாங்கி ஓராண்டு ஆகிறது. ஆத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மச்சினன் அதில்தான் சரக்கு எடுக்கிறான். கொஞ்சம் திருப்பித் தருவான், மறுபடி எடுப்பான். பாக்கி எப்போதும் 30,000 ரூபாயை ஒட்டியே நிற்கிறது. நான் குறைந்தபட்சத் தொகையான 1,500 ரூபாயைக் கட்டிவிடுகிறேன். இரண்டு முறை மட்டும் ஒன்பது நாள் தாமதம். ஸ்கோர் அசையவில்லை. இரண்டாவது கார்டு வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். எஃப்.டி.யை ஈடாக வைத்து கார்டு வாங்கியது சரியான முடிவு; உங்கள் நிலையில் இருப்பவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அந்தக் கார்டை நீங்கள் பயன்படுத்தவில்லை, உங்கள் மச்சினன் பயன்படுத்துகிறார். நான்கு பக்கக் கடிதத்தில் (மேலே இருப்பது சுருக்கம்) அவரைப் பற்றி ஆங்காங்கே சில வரிகள்தான் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் முழுவதும் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம். 30,000 ரூபாய்க்கு வட்டி 1,050, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 189, ஆக 1,239 ரூபாய். நீங்கள் கட்டும் 1,500 ரூபாயில் அசலுக்குப் போவது வெறும் 261. ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 14,900 ரூபாய் வட்டியாகவே கரைகிறது. ஈடாக வைத்த எஃப்.டி.க்கு 7 சதவீதம் கிடைத்தாலும் 2,800 ரூபாய்தான் வரும். பழைய பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் இல்லை. நீங்கள் வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்குக்கூட போட்ட நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. "ரிவார்டு பாயிண்ட் உங்களுக்குத்தானே மாமா வருது" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 30,000 ரூபாய்க்கு 300 ரூபாய். ஒரு வாரத்து வட்டிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

ஸ்கோர் ஏறாததற்கும் இதுவே காரணம். 36,000 ரூபாய் வரம்பில் 30,000 பாக்கி என்றால் 83 சதவீதம். கணக்கைப் பார்க்கும் எந்த வங்கியும் இவர் கார்டை நம்பித்தான் மாதத்தை ஓட்டுகிறார் என்றே எண்ணும். ஒன்பது நாள் தாமதமும் சிறிய விஷயமல்ல. கெடு தேதிக்குப் பின் மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று வங்கி சிபிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் அந்தச் சலுகையையும் தாண்டிவிட்டீர்கள். அதில் ஒரு முறை, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை விற்பனை முடிந்ததும் தருகிறேன் என்று அவர் சொன்னதை நம்பிக் காத்திருந்ததால் வந்தது. வங்கிக்குப் பண்டிகை தெரியாது.

வீட்டு முன்பணத்துக்காக மாதம் 10,000 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுவதாகவும் சொல்கிறீர்கள். ஆண்டுக்கு 42 சதவீத வட்டியில் கடனை வைத்துக்கொண்டு 7 சதவீதத்துக்குச் சேமிப்பதை எனக்கு நியாயப்படுத்தத் தெரியவில்லை. அந்தப் பணத்தைக் கார்டில் கட்டுங்கள். மேற்கொண்டு யாரும் தேய்க்காமல் இருந்தால் நாலாவது மாதம் பாக்கி தீரும். மொத்த வட்டி 2,700 ரூபாய் அளவில் நின்றுவிடும். மச்சினன் தருவதை அவர் தரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், அதை எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

அதன்பின் பட்டறையின் கரண்ட் பில், பெட்ரோல் என்று ஆறேழாயிரத்துக்குள் தேய்த்து, பில் போடும் தேதிக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குள், அதாவது 10,800 ரூபாய்க்குள் என்பது சட்டமல்ல, வழக்கத்தில் உள்ள அளவுகோல்தான், ஆனால் உதவும். 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை வங்கிகள் சிபிலுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், மாற்றம் முன்னைவிட விரைவில் தெரியும்.

அடுத்தது, முழுப் பாக்கியையும் கட்டாமல் முடித்ததாக உங்கள் கடன் அறிக்கையில் நிற்கும் 2021-ன் 'செட்டில்' பதிவு. சிபில் போன்ற நிறுவனங்கள் கடன் விவரத்தைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்கும் என்பதால் அது தானாக மறையும்வரை காத்திருக்க முடியாது. வங்கி அன்று விட்டுக்கொடுத்த 32,000 ரூபாயைக் கட்டினால் கணக்கை 'முடிந்தது' என்று மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தபிறகே பணத்தைக் கட்டி, பாக்கியில்லாச் சான்றிதழையும் வாங்குங்கள். கார்டு பாக்கி தீர்ந்த பிறகு வரும் மூன்று, நான்கு மாதச் சேமிப்பு இதற்குப் போதும்.

"ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்" என்று 5,000 ரூபாய் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அறிக்கையில் தவறு இருந்தால் நீங்களே இலவசமாகத் திருத்தக் கேட்கலாம். தவறில்லாத பதிவை யாராலும் அழிக்க முடியாது. செயலியில் சிறுகடன் வாங்கிக் கட்டினால் ஸ்கோர் கூடும் என்ற யோசனையும் வேண்டாம்.

மச்சினனிடம் மறுப்பது மாமியாருக்கு வருத்தம் தரும் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கார்டைக் கொடுக்க முடியாது என்று மட்டும் சொல்லாமல், இந்த 1,239 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடமே காட்டுங்கள். கடைக்கு மூலதனம் தேவையென்றால் அவர் தன் பெயரில் முத்ரா கடனுக்கு (சிறுதொழில்களுக்கான அரசுத் திட்டக் கடன்) விண்ணப்பிக்கட்டும். அதற்கு ஜாமீன் கையெழுத்து வேண்டுமென்று உங்களிடம் வந்தால், போடாதீர்கள். வீட்டுக்கடனுக்கு எட்டு மாதம் கழித்து விண்ணப்பியுங்கள்.