வாசகர் கேள்வி – பதில்: ஸ்தாத் த பிரான்ஸ் (பாரிஸ் அருகே உள்ள பிரான்ஸின் தேசிய விளையாட்டரங்கம்)

மகள் குடும்பம் பாரிஸ் புறநகரான சார்செல்லில் இருக்கிறது. பேரனுடன் பிரான்ஸ் அணியின் ஆட்டம் பார்க்கப் போகிறோம். எந்த வழி, எப்போது கிளம்புவது?
– வாசகி, முத்தியால்பேட்டை

ரயில் மாற வேண்டியதே இல்லை. கார்ஜ்–சார்செல் நிலையத்தில் பாரிஸ் பக்கம் போகும் ஆர்.இ.ஆர். டி (புறநகர் ரயிலின் டி தடம்) ரயிலில் ஏறுங்கள். எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலானால் மூன்றாவது நிறுத்தம் ஸ்தாத் த பிரான்ஸ்–சேன் தெனி. அதற்கு முந்தைய நிலையத்தின் பெயர் வெறும் சேன் தெனி. பெயர்க் குழப்பத்தில் அங்கே இறங்கிவிடாதீர்கள்.

பாரிஸ் நகரின் கார் து நோர் நிலையத்திலிருந்து வருபவர்கள் ஆர்.இ.ஆர். பி ரயிலில் லா ப்ளேன் நிறுத்தத்தில் இறங்கலாம். விமான நிலையத்துக்கு நேராகப் போகும் ரயில் அங்கே நிற்காது. நடைமேடைப் பலகையில் நிலையப் பெயர் எரிகிறதா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் முன்னதாக வாசலில் இருங்கள். காரணம் இருக்கிறது. 2022 மே 28, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், ரியல் மாட்ரிட்–லிவர்பூல். அன்று பி தடத்தில் வேலைநிறுத்தம். கூட்டம் டி தடத்துக்குத் திரும்பியது. அங்கிருந்து வரும் பாதை நெடுஞ்சாலைக்கு அடியில் குறுகும். டிக்கெட் சோதனையையும் அங்கேயே வைத்திருந்தார்கள். நெரிசல், கண்ணீர்ப்புகை, ஆட்டம் 36 நிமிடம் தாமதம். முதலில் ரசிகர்கள்மேல் பழி போட்டார்கள்; அது அநியாயம். முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்து சங்கத்துடையது என்று பின்னால் விசாரணைக் குழுவே சொன்னது. டிக்கெட்டில் உள்ள வாயில் எழுத்தை முதலிலேயே பார்த்து அந்தப் பக்கம் நடங்கள். பேரன் கையை விடவே விடாதீர்கள்.

2024 ஒலிம்பிக்கில் அங்கே ஊதா நிற ஓடுதளம் இருந்தது. கால்பந்து ஆட்டத்தில் அது கண்ணில் படுவதில்லையே?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

கீழ் அடுக்கு இருக்கைகள் நகரக்கூடியவை. சுமார் 25,000 இருக்கைகள், பத்துத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 700 டன். தடகளம் என்றால் 15 மீட்டர் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த அடுக்கில் 22,000 இருக்கைதான் மிஞ்சும். கால்பந்துக்கு முன்னால் இழுத்து ஓடுதளத்தை மறைத்துவிடுவார்கள். ஓரிரவில் முடிகிற காரியம் இல்லை, நாள்கணக்கில் ஆகும். அதனால்தான் போட்டி அட்டவணை நெருக்கமாக இருக்கும்போது பிரான்ஸ் அணி வேறு அரங்குக்குப் போவதும் உண்டு. பாராலிம்பிக் அங்கே 2024 செப்டம்பர் 8 வரை நடந்தது. செப்டம்பர் 6இல் இத்தாலியுடன் பாரிஸின் பார்க் தெ ப்ரேன்ஸ் அரங்கில், 9இல் பெல்ஜியத்துடன் லியோனில் ஆடினார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது என் யோசனை: முன்வரிசை வேண்டாம், நடு அடுக்கு எடுங்கள். வீரர் முகம் சிறிதாகத் தெரியும், ஆனால் பந்து எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது புரியும்.

அவ்வளவு பெரிய கூரை இருந்தும் பனியால் ஆட்டம் நின்றதாமே?
– வாசகர், உப்பளம்

ஆமாம், 2012 பிப்ரவரி 11, பிரான்ஸ்–அயர்லாந்து ரக்பி. கூரை பார்வையாளர்களுக்கு மட்டும்தான், களம் திறந்தவெளி. புல்தரைக்கு அடியில் சூடேற்றும் குழாயும் இல்லை. மண் கல்லாக இறுகிவிட, தொடங்கும் நேரத்தில் தள்ளிவைத்தார்கள். மார்ச் 4இல் ஆடினார்கள்.

அங்கே பிரான்ஸ் அணியின் முதல் கோல் யாருடையது?
– மாணவர், லாஸ்பேட்டை

ஜினதின் ஜிதான். 1998 ஜனவரி 28, திறப்பு ஆட்டம், ஸ்பெயினை 1–0 என வென்றார்கள். அதே ஆண்டு ஜூலை 12இல் பிரேசிலுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதியில் தலையால் முட்டி இரண்டு கோல், 3–0. அதே புல்லில் 2016 யூரோ இறுதியில் போர்ச்சுகலிடம் 0–1 எனத் தோற்றதும் நடந்தது. கூடுதல் நேரத்தில், 109ஆவது நிமிடத்தில் எதெர் அடித்த கோல்.

டிவியில் பார்க்க எந்த நேரம் விழித்திருப்பது?
– வாசகர், கடலூர் முதுநகர்

அங்கே பெரும்பாலும் இரவு 8.45க்குத் தொடக்கம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி கூட்டுங்கள்: நமக்கு 12.15. மற்ற மாதங்களில் நாலரை: 1.15. அங்கே வியாழன் என்றால் நமக்கு அது வெள்ளிக்கிழமை பிறந்த பிறகு. அலாரத்தை வெள்ளிக்கே வையுங்கள்.