லண்டனிலிருந்து பீர் கிட் வாங்கி வந்து கடலூரில் வீட்டிலேயே பீர் போடலாமா? எந்தக் கிட் நல்லது? லண்டனில் அண்ணன் போட்ட பீர் புளித்த ஆப்பிள் ஜூஸ் மாதிரி இருந்தது, எதை மாற்ற வேண்டும்?

கடலூரில் போடுவது பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பொங்கலுக்கு வரும் அண்ணனிடம் கிட் (மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் சாறும் ஈஸ்ட்டும் உள்ள டின்) கேட்காதீர்கள், அவர் லண்டனிலேயே போடட்டும். காரணம் பின்னால் வருகிறது. ஆனால் கேள்வியின் இன்னொரு பாதிக்கு, அதாவது அவர் ஏற்கெனவே போட்ட பீர் புளித்த ஆப்பிள் ஜூஸ் மாதிரி இருந்தது, எதை மாற்றினால் சரியாகும் என்பதற்கு, என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். இங்கே ஒருவர் "கிட் பீர் எல்லாம் கழுநீர், கடையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போங்கள்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் பாண்டிக்காரன், முத்தியால்பேட்டை. சில வருடம் இங்கிலாந்தில் ஒரு பால் பொருள் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்த்தேன். அங்கே வீட்டில் பீர் போடுவது சாதாரண விஷயம். 1963 வரை அதற்கும் உரிமம் வேண்டியிருந்தது. அந்த வருட பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். விற்காத வரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் வயதானவர், கார் ஷெட்டில் எப்போதும் ஒரு வாளி புளித்துக்கொண்டிருக்கும். அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் போடுவதில்லை.

போன வருடம் மே மாதம் எங்கள் வீட்டிலேயே இந்த விவகாரம் வந்தது. அக்கா வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸ் பக்கம் இருந்துவிட்டு அப்புறம் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குக் குடிபோனவர். பாண்டியில் அப்படி நிறைய குடும்பங்கள் உண்டு. லீவுக்கு வந்தவர் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு பெரிய டின்னை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"மச்சான், மொட்டை மாடி ரூம்ல போட்டுடலாம். நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே."

"இங்க போடக் கூடாது மாமா."

"தெருவுக்கு நாலு கடை இருக்கற ஊர்ல என்னடா கூடாது?"

அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா வந்துவிட்டார். "என்னது, வீட்டுல சாராயம் காய்ச்சப் போறீங்களா? மரக்காணத்துல என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

அம்மா பயந்தது நியாயம். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் போன உயிர்கள் கொஞ்சமல்ல. ஆனால் அங்கே கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டிய ரசாயனத்தைச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். பார்லி மால்ட்டில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் ஆபத்தான அளவு மெத்தனால் வருவதில்லை. பீரைக் காய்ச்சி வடிப்பதும் இல்லை. இரண்டும் வேறு என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனாலும் போட மாட்டேன் என்றும் சொன்னேன்.

சட்டம் இதுதான். கடலூர் தமிழ்நாடு. அங்கே 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகத்துக்குத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024இல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். பாண்டியில் 1970ஆம் வருடத்து ஆயத்தீர்வைச் சட்டம். கடை வைப்பதற்கு உரிமம் தருவார்கள், உரிமம் இல்லாமல் தயாரிக்க இங்கேயும் அனுமதி இல்லை. பாண்டியிலேயே பீர் தயாரித்து ஊற்றும் மதுக்கூடங்கள் உரிமம் வாங்கித்தான் நடத்துகின்றன. "யாருக்குத் தெரியப் போகிறது" என்று சிலர் வருவார்கள். ஒரு வாளி பீருக்காக வழக்கு வாங்கிப் பாஸ்போர்ட்டில் சிக்கல் வந்தால் அவர்கள் யாரும் கூட வரப்போவதில்லை.

மாமாவுக்குக் கோபம்தான். ஆனாலும் அந்த டின்னை வாங்கிப் பார்த்தேன். மேலே பிளாஸ்டிக் மூடி, அதைத் திறந்தால் கீழே சின்ன ஈஸ்ட் பொட்டலம். விரலால் அழுத்தினால் உள்ளே கட்டி கட்டியாக இருந்தது, ஈரம் பட்டிருக்கிறது. டின்னைக் கவிழ்த்தால் அடியில் அச்சடித்த தேதி எப்போதோ முடிந்திருந்தது. தள்ளுபடியில் கிடைத்ததாம். "இதை எங்க போட்டிருந்தாலும் நல்லா வந்திருக்காது மாமா, ஊருக்குப் போய் புதுசு வாங்குங்க, நான் போன்ல சொல்றேன்" என்றேன். அப்படித்தான் அவர் ஈஸ்ட் ஹாம் சமையலறையிலும் நான் முத்தியால்பேட்டையிலும் வீடியோ காலில் இருக்க, வேலை ஆரம்பமானது.

உங்கள் அண்ணனும் அநேகமாக அதே மாதிரி கிட்தான் வாங்கியிருப்பார். 1.7 கிலோ டின், கசப்புக்கு ஹாப்ஸ் பூ சேர்த்த மால்ட் சாறு, "1 கிலோ சர்க்கரை சேர்த்து 23 லிட்டர் ஆக்கவும்" என்று தாளில் போட்டிருக்கும். குற்றவாளி பெரும்பாலும் அந்த ஒரு கிலோ சர்க்கரைதான். கணக்குப் போட்டால் ஆல்கஹாலில் ஏறக்குறைய பாதி வெறும் சர்க்கரையிலிருந்து வருகிறது. சர்க்கரை முழுதாகப் புளித்துவிடும், அதனால் பீரில் உடம்பே இருக்காது, தண்ணீராக ஓடும். அதோடு டின்னும் பழசாகி, சூட்டிலும் புளித்தால் அந்த ஆப்பிள் வாடை வர வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்குப் பதில் உலர் மால்ட் பவுடர் 1 கிலோ போடச் சொல்லுங்கள், அங்கே ஸ்ப்ரேமால்ட் என்று கேட்டால் தருவார்கள். தண்ணீரையும் 23 லிட்டர் வரை ஊற்ற வேண்டாம், 20இல் நிறுத்தட்டும். அளவு கொஞ்சம் குறையும், ருசி நன்றாகக் கூடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 3 கிலோ வரும் இரட்டை டின் கிட் வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் தனியாகச் சர்க்கரை கேட்காது.

எந்த பிராண்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பர்ஸ், மண்டன்ஸ் இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன், இரண்டும் நல்லவை. பிராண்டை விடத் தேதி முக்கியம். மால்ட் சாறு டின்னுக்குள்ளேயே நாளாக ஆகக் கறுத்து, கருகின மாதிரி ஒரு ருசி வந்துவிடும். கூட்டம் வருகிற கடையில், புதிதாக வந்த சரக்கில் வாங்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். இதில்தான் மாமாவோடு எனக்குச் சண்டையே. வாளியை ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தார். "தாள்ல 27 வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கே" என்றார். தாளில் அப்படி எழுதுவது சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக. ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூடு உண்டாக்கும், அறையை விட வாளிக்குள் 3, 4 டிகிரி கூடுதலாக இருக்கும். சூடு ஏறினால் கனமான ஆல்கஹால்கள் உண்டாகித் தின்னர் மாதிரி வாடை அடிக்கும். இந்தக் கிட்களுக்குப் போடும் சாதாரண ஏல் வகை ஈஸ்ட்டுக்கு வாளிக்குள் 18 முதல் 20 டிகிரி போதும். வாளியில் ஒட்டுகிற வெப்பமானிப் பட்டை ஒன்றை வாங்க வைத்தேன். வாளியைக் குளியல் தொட்டியில் கொஞ்சம் தண்ணீருக்குள் நிறுத்தி, மேலே ஈரத் துணி போர்த்தச் சொன்னேன். பட்டையில் 19 காட்டிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

டின்னோடு வரும் ஈஸ்ட்டை நம்ப வேண்டாம். அளவும் குறைவு, எத்தனை நாள் எந்தச் சூட்டில் கிடந்ததோ தெரியாது. எஸ்-04 அல்லது யுஎஸ்-05 என்று 11.5 கிராம் பொட்டலம் தனியாகக் கிடைக்கும், அதைப் போடலாம். வெயிலுக்கென்றே குவெய்க் என்ற நார்வே பண்ணை ஈஸ்ட் இருக்கிறது, அதில் வாஸ் என்ற வகை 35 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்யும். இதைக் கேட்டு "அப்போ பாண்டியிலயே போட்டிருக்கலாமே" என்றார் மாமா. வெயிலுக்கு வழி இருக்கிறது மாமா, சட்டத்துக்கு இல்லை.

சுத்தம் பற்றி என் தொழிலில் தினமும் பார்த்ததைச் சொல்கிறேன். கிருமிநாசினி ஊற்றுவதற்கு முன்னால் பாத்திரம் கழுவப்பட்டிருக்க வேண்டும். அழுக்கு மேல் மருந்து வேலை செய்யாது. வாளிக்குள் இரும்பு நார் போட்டுத் தேய்க்கவே கூடாது, கீறலுக்குள் கிருமி குடியேறிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பீரில் டெட்டால் வாடை வரும். 20 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரை போட்டால் அது போய்விடும்.

முடிந்துவிட்டதா என்று நுரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வாங்க வேண்டும். நம் ஊரில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானி இருக்கிறதே, அதே தத்துவம்தான். மாமா போட்டது 1.044இல் தொடங்கி 1.011இல் நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 4.3 சதவீதம். இரண்டு மூன்று நாள் இடைவெளியிலும் அளவு மாறாமல் இருந்தால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு கண்ணில் படலாம். 500 மில்லி பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை போதும். முதல் தடவை பழுப்பு நிற பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது, அமுக்கிப் பார்த்தால் வாயு ஏறியது தெரியும்.

மாமா திறந்த அன்று அக்காதான் போனைப் பிடித்திருந்தார். நுரை கிளாஸ் ஓரத்தில் ஒட்டி நின்றது, அடிவரைக்கும் இறங்கும்போது வளையம் வளையமாக விட்டுப் போனது. கழுநீர் அப்படி நிற்காது. மாமா ஒன்றும் பேசவில்லை, பாதி கிளாஸ் முடிந்த பிறகு "அடுத்தது எந்த டின் மச்சான்?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

குடியை வளர்க்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வரலாம். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லவில்லை. எனக்கும் இந்த விஷயத்தில் வேறொரு வலி இருக்கிறது. பாண்டி என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் கட்டை விரலை வாய்க்குக் காட்டிச் சிரிக்கிறார். என் சித்தப்பா பையனுக்குக் கடலூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன்னால் "பாண்டி மாப்பிள்ளையா, குடிப்பாரோ?" என்றுதான் கேட்டார்கள். அவன் டீ கூடக் குடிப்பதில்லை. சனிக்கிழமையானால் வெளியூரிலிருந்து கார் கட்டி வருகிறவர்கள் குடித்துவிட்டுக் கடற்கரை மணலில் பாட்டிலை உடைத்துப் போகிறார்கள், திங்கட்கிழமை வலை இழுக்க இறங்கும் மீனவர் காலில் அது ஏறுகிறது. பெயர் மட்டும் எங்களுக்கு. பாரதி 1908இலிருந்து 10 வருடம் இருந்த ஊர் இது, பாரதிதாசன் பிறந்த ஊர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் பாண்டியிலிருந்து கடலூருக்குள் நுழையும் ஆல்பேட்டை மதுவிலக்குச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இது மனதில் வருகிறது. அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள், அதில் குறை சொல்லவில்லை. அந்தப் பையில் கிட்டோடு நீங்கள் நிற்க வேண்டாம் என்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணன் மறுபடி போடும்போது டின்னின் தேதி, ஈஸ்ட் பெயர், தினமும் வாளியின் வெப்பநிலை, தொடக்க அளவு, முடிவு அளவு ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ருசி சரியில்லை என்றால் அந்தத் தாளை இங்கே போடுங்கள், எங்கே பிசகியது என்று பார்த்துச் சொல்கிறேன்.