ராத்திரி 11.35 காமெடி ஷோக்கள்: சாய்வு, சட்டம், புகார்

"அமெரிக்கா வந்து மூன்று மாதம். ராத்திரி 11.35 ஷோக்களில் குடியரசுக் கட்சியை மட்டுமே கிண்டலடிக்கிறார்கள். இதைத் தடுக்க சட்டம் இல்லையா? யாரிடம் புகார் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாய்வு இருக்கிறது தம்பி, நீங்கள் பார்த்தது சரிதான். 1962 முதல் 1992 வரை என்பிசி சேனலின் ராத்திரி ஷோவில் ஜானி கார்சன் இரண்டு கட்சிகளையும் கிள்ளினார். தான் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொள்ளவில்லை. அன்று பெரிய சேனல்கள் மூன்றே மூன்று, எல்லா வீட்டுக்காரர்களும் வேண்டும். இன்று கூட்டம் சிதறிவிட்டது. மறுநாள் யூடியூபில் ஓடும் தொடக்கப் பேச்சுதான் பரவுகிறது. காரமாக இருந்தால்தான் பகிர்கிறார்கள். 2016 செப்டம்பரில் டிரம்பின் தலைமுடியைக் கலைத்து விளையாடிய என்பிசி ஷோவின் ஜிம்மி ஃபாலன், அவரிடம் மென்மையாக நடந்துகொண்டார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த வருடமே, அரசியலை விடாமல் பிடித்த போட்டி ஷோவின் ஸ்டீபன் கோல்பேர் பார்வையாளர் எண்ணிக்கையில் அவரை முந்தினார். மறுபக்கக் கிண்டல் வேண்டுமென்றால் ஃபாக்ஸ் நியூஸில் கிரெக் கட்ஃபெல்ட், கிழக்கு நேரம் 10 மணி.

சட்டத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். இரு தரப்பையும் காட்டச் சொன்ன 'ஃபேர்னஸ் டாக்ட்ரின்' விதி 1987லேயே போய்விட்டது. இன்றும் இருப்பது 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, 'ஈக்வல் டைம்' (சம வாய்ப்பு). தேர்தல் வேட்பாளர் திரையில் தோன்றினால், எதிர் வேட்பாளர் 7 நாளுக்குள் அதே வாய்ப்பைக் கேட்கலாம். செய்திப் பேட்டிக்கு விலக்கு உண்டு. ஜோக்குக்கு இது பொருந்தாது. பார்வையாளர் கேட்கவும் முடியாது.

ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்சிசிக்குப் புகார் எழுதலாம், ஆனால் அதே சட்டத்தின் 326ஆம் பிரிவு அவர்களைத் தணிக்கை செய்ய விடாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 2025 செப்டம்பரில் எஃப்சிசி தலைவர் பிரெண்டன் கார், ஏபிசி சேனலின் ராத்திரி ஷோ நடத்தும் ஜிம்மி கிம்மலின் பேச்சுக்காக வெளிப்படையாக மிரட்டியதும், பல உள்ளூர் நிலையங்களை வைத்திருக்கும் நெக்ஸ்டார் நிறுவனம் தன் நிலையங்களில் அந்த ஷோவை ஒளிபரப்ப மாட்டோம் என்றது. ஏபிசி 17ஆம் தேதி ஷோவை நிறுத்தி, 23ஆம் தேதிதான் திரும்பக் கொண்டுவந்தது. உங்களுக்குப் பிடிக்காத ஷோ என்றாலும் இந்த வழியை ஆதரிக்காதீர்கள். ஆட்சி மாறினால் அதே கை கட்ஃபெல்ட் பக்கமும் நீளப் பார்க்கும்.

பலன் தரக்கூடிய இடம் உள்ளூர் நிலையம். 'ஏபிசி' என்று நீங்கள் பார்க்கும் சேனல் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் சொத்து. திரையில் வரும் அழைப்பெழுத்தை, அதாவது நிலையத்தின் அடையாள எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் டபிள்யூவில், மேற்கே கேயில் தொடங்கும். எஃப்சிசி தளத்தின் பொதுக் கோப்பில் அதைத் தேடினால் உரிமையாளர் யாரென்று தெரியும். பிறகு தேதி, நேரம், எந்தப் பேச்சு, அதில் எந்தத் தகவல் தவறு என்று நிலைய மேலாளருக்கு எழுதுங்கள். "ஒருதலைப்பட்சம்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது.